பேச்சியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்திய நாள்

அக்டோபர் 2, புதன்கிழமை, காலை 7.50.

சென்னையிலிருந்து புறப்பட்ட ரயில் இருபது நிமிடம் தாமதமாகத் தென்காசி வந்து சேர்ந்தது. கீழ்ப்படுக்கை கேட்டிருந்தேன், கிடைத்தது நடுப்படுக்கை. ஐம்பத்தேழு வயதில் நடுப்படுக்கையில் ஏறி இறங்கியதைப் பற்றி என் வலது முழங்கால் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர், பதினைந்து ரூபாய். சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியும் சர்க்கரையோடு வந்தது. திருப்பிக் கொடுக்கத் தெம்பில்லாமல் குடித்துவிட்டேன்.

நான் ஊர் சுற்றி எழுதுகிற ஆள் இல்லை. ஒரு வார இதழில் இருபத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன். தலைவர்களைக் கொண்டாடும் விடுமுறைகளைப் பற்றி இதழில் ஒரு தனிப்பகுதி வருகிறது. காந்தி ஜெயந்தி எப்படி வந்தது, தலைநகரத்துக்கு வெளியே அதை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். எழுதத் தெரிந்த எல்லோரும் அந்த வாரம் விடுப்பில் போய்விட்டதால் ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். குற்றாலம் பக்கம் போனால் எனக்கும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் என்றார். அவர் நல்ல மனிதர், ஆனால் ஓய்வு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

ரயிலில் வாசித்த குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாட்டில் தேசிய விடுமுறை மூன்று நாட்கள்தாம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. முதல் இரண்டும் நாட்டுக்கு நடந்தவற்றை நினைத்து விடுகிற விடுமுறை. மூன்றாவது ஒரு மனிதர் பிறந்ததற்காக விடுவது. அதே தேதியில் ஒரு பிரதமரும் பிறந்திருக்கிறார், நம் மாநிலத்து முதல்வர் ஒருவர் அதே தேதியில் இறந்திருக்கிறார். அவர்களுக்கும் அன்றைக்கு மாலை உண்டு என்றாலும் நாட்காட்டியில் ஒருவர் பெயர்தான். கடை, ஆலை எதுவானாலும் அன்று சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. மதுக்கடை கிடையாது. கிராம ஊராட்சிகளில் கட்டாயம் கிராம சபை கூட வேண்டும். இவ்வளவுக்கும் அந்த மனிதர், தன் பிறந்த நாளில் எல்லோரும் ராட்டை சுற்றினால் போதும் என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். அவர் கேட்டது வேலை, நாம் கொடுத்தது விடுமுறை. இந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

காலை 8.30.

நிலையத்திலிருந்து ஆட்டோ எழுபது ரூபாய். நகரில் ஒரு காந்தி சிலையின் முன்னால் இறக்கிவிடச் சொன்னேன். சிலைக்கு வெள்ளி நிறத்தில் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள், மூக்குக்கண்ணாடிக்கும் அதே வெள்ளி. அலுமினிய ஏணி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. ஒவ்வொரு கட்சிக்காரரும் ஏணியில் ஏறி மாலை போட்டு, கீழே நிற்கிறவரின் கைபேசியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு இறங்கினார்கள். நான்காவது ஆள் ஏறும்போது கழுத்தில் இடமில்லை, கைத்தடியில் மாட்டினார். ஆட்டோக்காரர் போகாமல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது மணியோட முடிஞ்சிரும் மேடம். அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வராது" என்றார்.

"நீங்க மாலை போடலையா?"

"நமக்கு இன்னைக்கு அமாவாசை சவாரில்லா. குத்தாலத்துக்கு ஆள் ஏத்தணும். மகாளய அமாவாசையும் இவிய பொறந்த நாளும் ஒரே நாளுல வந்துட்டு. ரோடு கொள்ளாத கூட்டம்."

ஆசிரியருக்கும் எனக்கும் அந்த விஷயம் தோன்றவே இல்லை. செத்துப்போன தலைவரைக் கும்பிடுகிற நாளும், செத்துப்போன தகப்பன் தாத்தாவைக் கும்பிடுகிற நாளும் இந்த முறை ஒரே புதன்கிழமையில் விழுந்திருந்தன. கூட்டம் எதற்கு என்று கேட்கவே வேண்டாம்.

காலை 8.55.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இலஞ்சி விலக்கு வரை ஒற்றைக்காலில் நின்றேன். பேரருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்தவர்கள் ஓடைக் கரையில் வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். ஒரு தர்ப்பணத்துக்கு இருநூறு ரூபாய், நான்கைந்து பேராகச் சேர்ந்து உட்கார்ந்தால் தலைக்கு நூறு. இறந்தவரின் பெயர் கேட்டால் சிலர் உடனே சொன்னார்கள், தாத்தாவின் அப்பா பெயருக்கு வந்ததும் கைபேசியை எடுத்து ஊருக்குப் பேசிக் கேட்டார்கள். தண்ணீரில் தர்ப்பையும் வாழையிலையும் பழைய வேட்டிகளும் மிதந்தன. அதையெல்லாம் யார் அள்ளுவார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் குளிக்கவில்லை. ஈரத்துணியோடு நாள் முழுவதும் அலைய உடம்பில் தெம்பில்லை. நேந்திரம் சிப்ஸ் கடைக்காரரிடம் அதைச் சொன்னபோது, அந்த அண்ணாச்சி சிப்ஸை நிறுத்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்.

"காந்தியும் இங்கன வந்துட்டுக் குளிக்காமத்தான் போனாவளாம். தாழ்த்தப்பட்ட ஆளுவள இந்தப் பக்கம் விடமாட்டாவன்னு கேள்விப்பட்டு, அப்ப எனக்கும் வேண்டாம்னுட்டாவளாம். எங்க அப்பா சொல்லுவாவ."

இந்தக் கதையை நான் சரிபார்க்கவில்லை. ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கும் அடிக்கோடு போட்டேன்.

காலை 9.40.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு நாற்பத்தெட்டு, ஐம்பது வயதிருக்கும். தலைமுடி நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மடித்த வாழையிலையும் இரண்டு வாழைக்காயும் தெரிந்தன.

"அக்கா, கொஞ்சம் தள்ளி இருந்துக்கிடுங்க. சேலை ஈரம்" என்றாள்.

பெயர் பேச்சியம்மாள். பக்கத்துக் கிராம ஊராட்சி ஒன்றில் தூய்மைக் காவலர், அதாவது தெருக்கூட்டிக் குப்பை அள்ளுகிறவள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து தன் பங்குத் தெருக்களைக் கூட்டி முடித்துவிட்டு, ஆறரை மணிப் பேருந்தில் அருவிக்கு வந்து, கூட்டத்தில் காத்து நின்று குளித்துவிட்டுத் திரும்புகிறாள். கணவர் இறந்து இரண்டு வருடம். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். ஒரே மகள், சுரண்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். எள்ளுந் தண்ணியும் இறைக்க மகன் இல்லை, படையல் மட்டும் இவள் போடுகிறாள்.

"சோறு வடிச்சு வச்சிட்டுத்தான் வந்தேன். சாம்பார் இருக்கு. வாழைக்கா மட்டும் வதக்கணும். பன்னெண்டுக்கு ராகு காலம் பொறந்துரும்லா, அதுக்கு முன்ன எலை போட்டுரணும். காக்கா எடுத்த பொறவுதான் நான் வாயில தண்ணி ஊத்துவேன்."

"இன்னைக்கு லீவுதானே? வீட்ல இருந்து நிதானமா செய்யலாமே."

அவள் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் லீவு. எங்களுக்கு மரியாதை. கிராம சபையில வச்சு எனக்குப் பொன்னாட போத்துதாவ. பத்தரைக்குத் தொடங்கிப் பதினொன்னரைக்கு முடிச்சிருவோம்னு சொல்லிருக்காவ. முடிச்சதும் ஓடிருவேன்."

கிராம சபையை எங்கே போய்த் தேடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அது வசதியாகப் போயிற்று. நானும் வரலாமா என்று கேட்டேன்.

"வாங்க. நாற்காலியெல்லாம் போட்டிருக்காவ" என்றாள்.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. குற்றாலத்திலிருந்து பேருந்தில் கால் மணி நேரம், நிறுத்தத்திலிருந்து நடை பத்து நிமிடம். இது போதும்.

காலை 10.25.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் பாதியில் ஆட்கள். ஒரு மர நாற்காலியில் காந்தி படத்துக்குச் சந்தனமும் சாமந்தி மாலையும். வாசலிலேயே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார் ஊராட்சிச் செயலர், முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும், பணிவான பையன். பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, பச்சை நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவளோடு இன்னும் மூன்று தூய்மைக் காவலர்கள். நால்வரையும் முன்வரிசையில் ஓரமாக உட்கார வைத்தார்கள்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டலாம் என்றிருந்தேன். செயலர் வந்து யார், எந்த ஊர் என்று விசாரித்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். சென்னையிலிருந்து ஒரு வார இதழ் என்று சொன்னேன். அவர் போய்த் தலைவரின் காதில் ஓதினார். ஊராட்சித் தலைவர் அறுபது வயதுக்காரர், தும்பைப்பூ வெள்ளைச் சட்டை. எழுந்து வந்து கைகூப்பி, என்னை முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். கையில் தேநீர் வந்தது. பிறகு சற்றுத் தள்ளி நின்று கைபேசியில் பேசினார். அது எனக்கு நன்றாகவே கேட்டது.

"சார், சென்னையில இருந்து பத்திரிகைக்காரம்மா வந்திருக்காவ. நீங்களே நேர்ல வந்து போத்துனாத்தான் நல்லாருக்கும். எவ்வளவு நேரம்னாலும் இருக்கோம் சார்."

யாரோ அதிகாரி. வேறு ஊர்க் கூட்டத்தில் இருக்கிறாராம், முடிந்ததும் வருவாராம். எனக்கு அப்போது உள்ளூர ஒரு திருப்தி. இருபத்தொன்பது வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் யாருக்கும் போன் செய்ததில்லை.

காலை 11.10.

தீர்மானங்களைச் செயலர் வாசித்தார். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, குப்பையைப் பிரித்துக் கொடுப்பது. ஒருவர் எழுந்து சாக்கடையைப் பற்றிக் கேட்டார், போன கூட்டத்திலும் கேட்டதாகச் சொன்னார். அதற்கு முந்தின கூட்டத்திலும் கேட்டதாக இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், கேட்டவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். புழுக்கம் தாங்கவில்லை. பந்தல் துணி நீலமாக இருந்ததால் எல்லோர் முகமும் சோகை பிடித்த மாதிரி தெரிந்தது.

11.30 மணிக்குப் பேச்சியம்மாள் எழுந்து செயலரிடம் போனாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தம்பி, ஓடிப்போயி எலை மட்டும் போட்டுட்டு வந்துருதேன். அரை மணி நேரத்துல இங்கன நிப்பேன்."

"இந்தா வந்துருவாவக்கா, பக்கத்து ஊர்லதான் இருக்காவ. நீங்க இல்லாம போட்டோ எடுத்தா கவர்மெண்டு ஆப்புல ஏத்த முடியாது. நாலு பேர்னு போட்டிருக்கோம், நாலு பேரும் நிக்கணும். கொஞ்சம் பொறுங்க."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதிகாரிகளுக்காக ஏழை சனங்கள் காத்துக் கிடப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்று நினைத்தேன். நோட்டை எடுத்துக் குறிக்கக்கூடச் செய்தேன்.

11.36 மணிக்குத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "சார் வருத வரைக்கும், சென்னையில இருந்து வந்திருக்க அம்மா, இன்னைக்கு நாளோட சிறப்பைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாவ" என்றார்.

வேண்டாம் என்று கையசைத்தேன், மரியாதைக்காக ஒரு தடவை. அப்புறம் எழுந்து போய் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் மேடையேறிப் பேசியதே இல்லை. மற்றவர்கள் பேசியதை அச்சில் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஆனால் அன்று எனக்குப் பேச வந்துவிட்டது. மூன்று தேசிய விடுமுறைகள், அதில் ஒன்று மட்டும் மனிதருக்கு என்று தொடங்கினேன். ராட்டையைச் சொன்னேன். அவர் கேட்டது வேலை, நாம் கொடுத்தது விடுமுறை என்றதும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டவுடன் முழங்கால் வலி போய்விட்டது. கடைச் சட்டத்தைச் சொன்னேன். அதே நாளில் பிறந்த பிரதமரையும் இறந்த முதல்வரையும் சொன்னேன். சிப்ஸ் கடை அண்ணாச்சியின் அருவிக் கதையைச் சொன்னேன், சரிபார்க்காத கதை என்பதைச் சொல்லாமல் விட்டேன். அவர் தன் கழிப்பறையைத் தானே கழுவியவர், ஆகவே இந்த நால்வரையும் கௌரவிப்பதுதான் உண்மையான காந்தி ஜெயந்தி என்று முன்வரிசை ஓரத்தைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. என் பேச்சு அவளைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். அதனால் குப்பையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன்.

முடித்துவிட்டு உட்கார்ந்தபோது பலத்த கைதட்டல். தண்ணீர் குடித்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தேன். 12.04.

பகல் 12.10.

அதிகாரி மேடையில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. சுருக்கமாகத்தான் பேசினார். அதன்பின் தீர்மானங்களைக் கைதூக்கி நிறைவேற்றினார்கள், மரக்கன்று கொடுத்தார்கள், உறுதிமொழி எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தும்போது மணி 12.50. முதல் படம் எடுத்துக் கைபேசிச் செயலியில் ஏற்றினால் சமிக்ஞை இல்லை. வாசலுக்கு வந்து நின்று, பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்தி, மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது தடவை ஏறிற்று. அதற்குள் எல்லோருக்கும் தக்காளிச் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவேட்டில் சிறப்பு விருந்தினர் என்ற இடத்தில் என் கையெழுத்தையும் கேட்டார் செயலர். தொழில் பழக்கம், கையெழுத்துப் போடும் முன் பக்கத்தை வாசித்தேன். நேற்றே எழுதி வைத்திருந்த பக்கம். கடைசி வரி, கூட்டம் முற்பகல் 11.30 மணிக்கு இனிதே நிறைவுற்றது என்று இருந்தது. பதிவேட்டின்படி பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அதிகாரி கொஞ்சம் லேட் பண்ணிட்டார் இல்லையா?" என்று கேட்டேன்.

செயலர் பேனாவை நீட்டினார். "இல்ல மேடம். அவிய பதினொன்னே முக்காலுக்கே வந்துட்டாவ. நீங்க பேசிக்கிட்டிருந்திய. பந்தலுக்கு வெளியதான் நின்னாவ. அம்மா நல்லா பேசுதாவ, முடிக்கட்டும்னு தலைவர் கை காட்டிட்டாவ."

"முதல்ல இருந்தே அவர் வர்றதா இருந்ததா?"

"இல்ல மேடம். தலைவரே போத்திப் பதினொன்னரைக்கு முடிக்கிறதாத்தான் இருந்துச்சு. நீங்க வந்ததுனாலதான்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார். என் பேச்சு இருபத்தெட்டு நிமிடம். பத்து நிமிடத்தில் நிறுத்தி, பொன்னாடையை முதலில் போர்த்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ராகு காலத்துக்கு முன்னால் இலை போட்டிருப்பாள். அவள் அத்தனை நேரம் என்னைக் கண்கொட்டாமல் பார்த்தது, எப்போது நிறுத்துவேன் என்று பார்த்தது.

பகல் 1.25.

தெருவில் அவளைப் பிடித்தேன். மேலங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு, பொன்னாடையை அதற்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது.

"பேச்சியம்மா, என்னாலதான் நேரமாயிடுச்சு. நான் பேசாம இருந்திருக்கணும். மன்னிச்சுக்கோம்மா."

"சே, என்னக்கா. நீங்க நல்லாத்தான் பேசுனிய" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னாள். "அவியளுக்குப் பசி பொறுக்காது, அதான். மூட்டை தூக்குத ஆளுல்லா. பன்னெண்டு அடிச்சா எலையில உக்காந்துருவாவ. ஒரு நா லேட்டானாலும் வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பாவ."

அவள் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெயிலில் வேர்த்தது போல.

ஓர் அறையும் அடுக்களையும் உள்ள வீடு. சுவரில் கணவர் படம், திடகாத்திரமான ஆள், தோள் சற்றே ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ராகு காலம் ஒன்றரைக்குத்தான் முடியும் என்பதால் வாழைக்காயை நறுக்கி வதக்கினாள். 1.45க்குப் படத்தின் முன்னால் இலை போட்டாள். சோறு, சாம்பார், பொரியல், அப்பளம், ஒரு வாழைப்பழம், தம்ளரில் தண்ணீர். சூடம் காட்டி விழுந்து கும்பிட்டாள். பிறகு ஒரு துண்டு இலையில் சோற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் மதில்மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

காகம் வரவில்லை.

அமாவாசையன்று ஊரிலுள்ள அத்தனை வீட்டு மதிலிலும் பன்னிரண்டுக்குள் சோறு வைத்தாயிற்று. இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எந்தக் காகத்துக்குப் பசிக்கும்? பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"ஏட்டி பேச்சி, இப்பமா வைக்க? எங்க வீட்டுலயே கடைசிச் சோத்தை விட்டுட்டுல்லா போச்சு. அதுக வயிறு என்ன நெல்லுக் குதிரா?"

பேச்சியம்மாள் கா, கா என்று கூப்பிட்டாள். அணில் ஒன்று வந்தது, விரட்டினாள். இரண்டரை ஆயிற்று. சோற்றுப் பருக்கை காய்ந்தது. உள்ளே போய்ப் புதுச் சோறு எடுத்து வந்து, பழையதை ஒதுக்கிவிட்டு வைத்தாள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அமாவாசைக்குச் சமையல்காரரிடம் சொல்லி வைத்தால் பதினொரு மணிக்கு டப்பாவில் வந்துவிடும். பால்கனியில் ஒரு கரண்டி வைப்போம். காகம் எடுத்ததா என்று நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு எந்த வேளையில் பசிக்கும் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. மதிலருகில் நின்றபோது அது உறைத்தது.

மூன்று மணிக்கு அவளே என்னைக் கிளம்பச் சொன்னாள்.

"மூணேகாலுக்கு பஸ்ஸு. அதை விட்டா ஆறு மணிக்குத்தான், உங்களுக்கு ரயிலு போயிரும். போங்க."

"நீங்க தண்ணியாவது குடிங்களேன். நாலு மணிக்கு எழுந்தது."

"காக்கா எடுக்கட்டும், குடிக்கேன். வராம எங்க போயிரும்" என்று மதிலைப் பார்த்தபடியே சொன்னாள்.

கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஊர் முடிகிற இடத்தில் குப்பை கொட்டும் பள்ளம். அன்றைய படையல் இலைகளெல்லாம் அங்கேதான் வந்திருந்தன, நாளை விடிகாலை அவள்தான் பிரிக்க வேண்டும். முப்பது நாற்பது காகங்கள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தன. எதையும் தின்னக்கூட இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தன. நான் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். அவள் வீட்டுப் பக்கம் பறக்கட்டும் என்று எதிர்ப்பக்கம் போய் நின்று இன்னொரு கல்லை எறிந்தேன். எல்லாம் எழும்பின, ஒரு சுற்றுச் சுற்றின, அதே இடத்தில் உட்கார்ந்தன. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலை 5.55.

தென்காசி நிலையம். ஆறரை மணி ரயில், திரும்பும்போது கீழ்ப்படுக்கை. வந்த வேலை என்று பார்த்தால் முடிந்துவிட்டது. காந்தி ஜெயந்தி எப்படி வந்தது என்பது நோட்டில் இருக்கிறது. எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டேன், பார்த்தது மட்டுமில்லை, மேடையேறிக் கொண்டாடியும் விட்டேன். உடம்பில் ஒரு துளி தெம்பில்லை. நடைமேடை இருக்கையில் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்தேன். மேற்கே மலைக்கு மேல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மரங்களில் காகங்கள் அடைய ஆரம்பித்துவிட்டன.

"பேச்சியம்மா, காக்கா வந்துச்சா?"

"இல்லக்கா. இனி எங்க வரும், பொழுது அடையப் போவுதுல்லா" என்றாள். குரல் தணிந்திருந்தது. "காலையில வச்சுப் பாக்கேன். அது கெடக்கட்டும். நீங்க மத்தியானம் எதாவது சாப்பிட்டியளா? எங்க வீட்டுலயும் ஒன்னும் குடுக்க முடியல."

சாப்பிட்டேன் என்று சொன்னேன். பொய்யில்லை. வாசலில் அவளுக்குப் பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் பந்தல் நிழலில் உட்கார்ந்து தக்காளிச் சோற்றைத் தின்று முடித்திருந்தேன்.